ஹார்ட் டிஸ்க்கை வாசிப்பது யார்? ஒரு வரலாறு

 

கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஊருக்குத் திரும்பி வந்த நம்முடைய குடும்பங்கள் பலவற்றில் இப்போது ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. காணி உறுதி, நிக்காஹ் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம், எஞ்சியிருக்கும் பழைய கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். "இனி ஒன்றும் போகாது சேர்" என்கிறார்கள். இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் நம்மவர்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். பலருடைய உறுதிகளும் புத்தகங்களும் வீட்டோடு போயின. அதற்கு ஒன்பது வருடம் முன்பு, 1981 மே 31ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி, யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிக்கப்பட்டது. ஆகவே இந்த ஊரில் எந்தச் சமூகத்துக்கும் காகிதத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லை.

ஆனால் வட்டின் மேல் மட்டும் ஏன் இவ்வளவு நம்பிக்கை? வட்டு தானாக எதையும் திருப்பித் தராது. வட்டுக்கும் நமக்கும் நடுவில் இரண்டு பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் இல்லாமல் போனாலும் வட்டு வெறும் இரும்புத் துண்டுதான். அந்த இரண்டு பேருடைய வரலாற்றைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பெயர்களை நேராக்கிக்கொள்வோம். வட்டு என்பது காந்தப் பூச்சுப் பூசிய தகடு. அதன் மேல் ஒரு சிறிய தலை போய்வந்து எழுதும், வாசிக்கும். அந்தத் தலையை எங்கே நகர்த்துவது, எப்போது வாசிப்பது, வந்தது சரியா பிழையா என்று பார்ப்பது கண்ட்ரோலருடைய வேலை. வீட்டுக் கணினியில் அது வட்டின் அடியிலுள்ள பச்சைப் பலகையிலும் தாய்ப்பலகையிலும் ஒளிந்திருக்கும். சேர்வர்களில் தனிக் கார்டாகச் செருகியிருக்கும். பணிசெயல் முறைமை அந்தக் கண்ட்ரோலரோடு பேசுவதற்கு வைத்திருக்கும் நிரல்தான் டிரைவர். பாடப்புத்தகத்தில் சாதனச் செலுத்தி என்று இருக்கும். பிள்ளைகள் பரீட்சையில் அப்படியே எழுதுங்கள். இங்கே நான் டிரைவர் என்றே எழுதுகிறேன், வான் டிரைவரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டிரைவர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் வீடுகளிலேயே உதாரணம் உண்டு. உம்மும்மாமார் ஓதிய அரபுத்தமிழ் கிதாபுகளை நினைத்துப் பாருங்கள். மொழி தமிழ், எழுத்து அரபு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றவர்கள் அப்படி எழுதினார்கள், இலங்கை முழுக்க வாசித்தார்கள். இன்றைய பிள்ளைக்குத் தமிழ் தெரியும். குர்ஆன் மதரசாவுக்குப் போனதால் அரபு எழுத்தும் தெரியும். ஆனாலும் அந்தக் கிதாபைக் கையில் கொடுத்தால் வாசிக்க மாட்டான். ஏனென்றால் அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளி சேர்த்து உண்டாக்கிய எழுத்துகள் சில அதில் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. காகிதம் நன்றாக இருக்கிறது, மை அழியவில்லை, கண்ணும் தெரிகிறது. நடுவில் இருந்த அந்தச் சிறிய அறிவு மட்டும் இல்லை. டிரைவர் இல்லாத வட்டு என்பது இதுதான்.

இனிக் கதைக்கு வருவோம்.

1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியோடுதான் வட்டு வந்தது. 24 அங்குல அகலத் தகடுகள் 50, அவ்வளவும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத்தான் கொள்ளும். இன்று உங்கள் போனில் எடுக்கும் இரண்டு படம் அதற்குள் அடங்குவது கஷ்டம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கணினிக்கும் அதை இயக்கும் நிரல் தனித்தனி. ஒன்றில் எழுதியதை மற்றதில் எடுத்துப் போடும் பேச்சே கிடையாது.

1969இல் அமெரிக்காவின் நியூஜேர்சியில், பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் என்ற இளைஞர் பழைய பிடிபி-7 கணினி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதோடு இணைத்திருந்த வட்டு அந்தக் கணினியை விட வேகமானது. ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் வந்தால் தலையை எந்த ஒழுங்கில் நகர்த்தினால் ஆகக் கூடுதலான வேலை வாங்கலாம் என்று பார்க்க அவர் ஒரு நிரல் எழுதினார். எழுதியதைச் சோதிக்க வட்டுக்கு உண்மையான வேலை கொடுக்க வேண்டுமே? அப்போதுதான் அவருக்கு விளங்கியது, இன்னும் மூன்று வாரம் வேலை செய்தால் இது ஒரு முழுப் பணிசெயல் முறைமையாகிவிடும் என்று. மனைவி ஒரு வயதுக் குழந்தையோடு கலிபோர்னியாவுக்கு உறவினரைப் பார்க்கப் போயிருந்த நேரம். ஒரு வாரம் எடிட்டருக்கு, ஒரு வாரம் அசெம்பிளருக்கு, ஒரு வாரம் கருவுக்கு. யுனிக்ஸ் பிறந்த கதையை அவரே பின்னாளில் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

என்னைப் பொறுத்தவரை யுனிக்ஸ் வரலாற்றில் இதுதான் கவனிக்க வேண்டிய இடம். வட்டை ஒழுங்காக ஓட்டும் நிரல் முதலில் வந்தது. அதைச் சோதிக்க முறைமை பிறகு வந்தது. இன்று உலகத்துச் சேர்வர்களில் பெரும்பகுதி, நம் கையிலுள்ள ஆண்ட்ரொய்ட் போன் உட்பட, அந்த வழியில் வந்தவை அல்லது அதைப் பார்த்துச் செய்தவை.

யுனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளியானது. அதில் புதிய வட்டு ஒன்றைச் சேர்ப்பது எப்படி என்று பாருங்கள். சிறிய நிரல் ஒன்று கேட்கும், நீங்கள் உங்கள் கணினியில் உள்ள சாதனங்களின் குறுகிய பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். ஆர்கே-05 வட்டு இருந்தால் 'ஆர்கே'. முடிந்ததும் முடிந்தது என்று சொல்ல வேண்டும். அது ஒரு அட்டவணை எழுதித் தரும். எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர், அதைத் திறப்பது எது, மூடுவது எது, வேலையை வரிசைப்படுத்துவது எது என்ற அட்டவணை. அதையும் சேர்த்துக் கருவை மறுபடி தொகுத்தால் கணினிக்கு வட்டு தெரியும். வரிசைப்படுத்தும் பகுதிக்கு அன்று 'உத்தி' என்ற பொருளில் ஸ்ட்ராட்டஜி என்று பெயர் வைத்தார்கள். பிஎஸ்டி வழி முறைமைகளில் இன்றைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது, தொம்சன் 1969இல் தேடிய உத்தியின் மிச்சமாக.

அந்த 'ஆர்கே' டிரைவர் சில பக்கத்துக்கு மேல் இல்லை. ஒரு மாணவன் உட்கார்ந்து வாசித்து முடிக்கலாம். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்ற விரிவுரையாளர் அதைத்தான் செய்வித்தார். சுமார் 9,000 வரிகள் கொண்ட முழு ஆறாம் பதிப்பையும் அச்சிட்டு, வரிக்கு வரி விளக்கவுரை எழுதி, 1976-77இல் வகுப்பில் பாடமாக வைத்தார். நம் பக்கத்தில் உரையாசிரியர்கள் செய்தது போன்ற வேலை. அதற்குப் பின்னர் ஏடி அண்ட் டி நிறுவனம் அடுத்த பதிப்பின் மூலநிரலை வகுப்பில் படிப்பிப்பதற்குத் தடை போட்டது. லயன்ஸின் உரை பிரதியின் பிரதியாக, போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பியாக உலகமெங்கும் கைமாறியது. எழுத்து மங்கி வாசிக்க முடியாத கட்டம் வரை கொப்பி அடித்து வாசித்தார்கள். 1996இல்தான் அது சட்டப்படி புத்தகமாக வந்தது. லயன்ஸ் 1998இல் காலமானார். ஒரு தலைமுறைக்கு வட்டு டிரைவர் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தது அந்த மங்கிய கொப்பிதான்.

எண்பதுகளை வேகமாகக் கடப்போம். கண்ட்ரோலர்கள் பெருகின. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வகை. 1986இல் ஸ்கஸி என்ற பொதுத் தரம் வந்தது. மேசைக் கணினிகளில் ஐடிஈ வந்தது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை கூடிய ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான பல வட்டுகளைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று செத்தாலும் மற்றவை தகவலைக் காப்பாற்றும் என்பது அதன் சாரம். ரெய்ட் என்று நாம் சொல்வது அதுதான். நல்ல யோசனை. ஆனால் அதை வியாபாரமாக்கியபோது ஒரு சிக்கல் சேர்ந்து வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

1991 ஓகஸ்ட் 25. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தான் எழுதும் முறைமையைப் பற்றிய முதல் அறிவித்தலை வெளியிட்டார். அதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: சாதாரண ஏடி வகை வட்டைத் தவிர வேறெதையும் இது ஒருநாளும் ஆதரிக்காமல் போகலாம், ஏனென்றால் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அன்று யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். டோர்ச் பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். நாம் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் இருந்தோம். அதே நேரத்தில் ஹெல்சிங்கியில் ஒரு பையன் தன்னிடம் உள்ள ஒரே வட்டுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்தான் என்பதை நினைக்கும்போது உலகம் எவ்வளவு சமமில்லாத இடம் என்று தோன்றும்.

அவர் சொன்ன அந்த 'ஒருநாளும்' ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. அவரிடம் இல்லாத கருவி வேறு யாரிடமாவது இருந்தது. 1992இல் ட்ரூ எக்கார்ட் என்பவர் ஸ்கஸி டிரைவரை எழுதிச் சேர்த்தார். பிறகு ஒவ்வொருவராக, தன் கையில் உள்ள கார்டுக்குத் தானே எழுதிச் சேர்த்தார்கள். அவர்களில் லெனார்ட் சுப்கொஃப் என்ற ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பஸ்லொஜிக் என்ற ஸ்கஸி கார்டுக்கும், மைலெக்ஸ் நிறுவனத்தின் டிஏசி960 என்ற ரெய்ட் கண்ட்ரோலருக்கும் லினக்ஸ் டிரைவர் எழுதியவர் அவர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் லினக்ஸில் சேர்வர் நடத்தியவர்களுக்கு அவை பெரிய உதவி. 2002 ஓகஸ்டில் அலாஸ்காவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்துபோனார்.

டிஏசி960 டிரைவர் அநாதையானது. ஆனால் அழியவில்லை. மூலநிரல் எல்லாருக்கும் திறந்து கிடந்தது. லினக்ஸின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் யாரோ ஒருவர் அதையும் தொட்டுத் திருத்தி ஓடவிட்டார். கடைசியில் 2018இல் ஹன்னஸ் ரைனெக்கே என்பவர் அதைப் புதிய முறையில் இரண்டு டிரைவர்களாக எழுதினார், பழையது நீக்கப்பட்டது. எழுதியவர் மௌத்தாகிப் பதினாறு வருடத்துக்குப் பிறகு, எப்போதோ விற்பனை நின்றுபோன ஒரு கார்டுக்கு, புதிதாக டிரைவர். மைலெக்ஸ் நிறுவனமோ அதற்குள் ஐபிஎம் கைக்குப் போய், பிறகு எல்எஸ்ஐ கைக்குப் போய், பெயரே இல்லாமல் போயிருந்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் வக்பு செய்தவர் போனாலும் கிணறு நிற்கும் என்பார்கள். கிணறு நிற்க வேண்டுமென்றால் தூர் வாரவும் ஆள் வேண்டும். இரண்டும் இங்கே நடந்தது.

எல்லா டிரைவருக்கும் இந்த நசீப் கிடைக்கவில்லை. நான் பிறகு சொல்கிறேன் என்ற ரெய்ட் சிக்கல் இதுதான். கடையில் வாங்கும் ரெய்ட் கார்ட் நான்கு வட்டுகளில் தகவலைப் பிரித்து எழுதும்போது, எப்படிப் பிரித்தேன் என்ற குறிப்பையும் வட்டுகளின் ஒரு மூலையில் தன் சொந்தப் பாஷையில் எழுதி வைக்கும். அந்தக் கார்ட் எரிந்துபோனால், வட்டுகள் நான்கும் சுகமாக இருந்தாலும், அதே இனத்துக் கார்ட் ஒன்று கிடைக்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. தகவலைக் காப்பாற்ற வந்தவரின் சட்டைப் பைக்குள் திறப்பு போய்விட்டது.

2005இல் இது பகிரங்கச் சண்டையானது. ஓப்பன்பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வழி முறைமையை நடத்துபவர் தியோ டி ராட். அடப்டெக் நிறுவனத்தின் ரெய்ட் கார்டுகளுக்கு ஒழுங்கான டிரைவர் எழுத ஆவணம் தாருங்கள் என்று அவரும் கூட்டத்தாரும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அரைகுறையான டிரைவரை வைத்துக்கொண்டு மக்களின் தகவலோடு விளையாடமாட்டோம் என்று 3.7ஆம் வெளியீட்டில் அந்த டிரைவரை அவர்கள் எடுத்துவிட்டார்கள். பயனர்களுக்குக் கோபம் வந்தது. எனக்கு அவர்கள் செய்தது சரியாகப் படுகிறது. வாசிக்கத் தெரியும் என்று பாவனை பண்ணும் ஆளை விட, தெரியாது என்று சொல்லும் ஆள் பாதுகாப்பு.

அதே 2005இல்தான் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோரின் முயற்சியில் நூலகம் திட்டம் தொடங்கியது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் எல்லாருக்கும் திறந்து வைக்கும் வேலை. போர் இன்னும் முடிந்திராத காலம். அடுத்த வருடம் ஏ9 வீதியும் மூடப்பட்டது. அதன் நடுவே அந்த வேலை தொடர்ந்தது. அதில் முஸ்லிம் ஆவணகம் என்ற தனிப்பகுதியும் இன்று இருக்கிறது, உள்ளே போய்ப் பாருங்கள். அந்தத் தளம் இயங்குவது மீடியாவிக்கி என்ற திறந்த மென்பொருளில், விக்கிப்பீடியா இயங்கும் அதே மென்பொருள். எழுதியவர் யாராக இருந்தாலும் அடுத்தவர் எடுத்து நடத்தலாம். 1981இல் எரிந்ததுபோல ஒரே கட்டடத்தில் இருந்து ஒரே இரவில் போகும் நிலைமை இதற்கு இல்லை.

ரெய்ட் சிக்கலுக்கும் திறந்த பக்கத்தில் ஒரு பதில் வந்தது. கார்டை நம்பாமல் லினக்ஸ் கருவே வட்டுகளைச் சேர்த்துக் கட்டும் முறை. எம்டி என்பது அதன் சுருக்கப் பெயர். அதைக் கையாளும் எம்டிஏடிஎம் என்ற கருவியை எழுதியவர் நீல் பிரவுன். அவரும் அப்போது வேலை செய்தது லயன்ஸ் படிப்பித்த அதே நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில். இந்த முறையில் ஒவ்வொரு வட்டும் தன் தலையில் தன் கதையை எழுதி வைத்திருக்கும்: நான் இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவன், மொத்தம் நான்கு பேர், நான் மூன்றாவது. அந்தக் குறிப்பின் அமைப்பு பகிரங்கமானது. வட்டுகளைக் கழற்றி வேறொரு கணினியில், வேறொரு கண்ட்ரோலரில் செருகினாலும் லினக்ஸ் அவற்றைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடும். கார்ட் வைத்த ரெய்ட் சில வேலைகளில் வேகம் கூடியது, உண்மை. நமக்கு வேகமா முக்கியம்?

வேறொரு விஷயமும் உண்டு. விலை கூடிய ரெய்ட் கார்டுகளில் ஒரு சிறிய பற்றறி இருக்கும். வட்டுக்கு இன்னும் எழுதாத தகவலைக் கார்ட் தன் நினைவகத்தில் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். கரண்ட் போனால் அந்தப் பற்றறி அதை இரண்டு மூன்று நாள் காப்பாற்றும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பற்றறி பழுதான கார்டை அப்படி ஒரு நாளில் நம்பினால், எழுதிவிட்டேன் என்று அது சொன்னது எழுதப்படாமலே போய்விடும். (தொண்ணூறுகளில் பற்றறி உள்ள இந்தக் கார்ட் யாழ்ப்பாணத்துக்குள் வந்திருக்கவே முடியாது என்பதையும் குறித்து வையுங்கள்.)

இனி 2019. ரெட் ஹட் நிறுவனத்தின் லினக்ஸ் 8ஆம் பதிப்பு வந்தது. இதை விளங்க ஒரு சிறிய முன்னுரை வேண்டும். கணினியில் செருகும் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு எண் உண்டு: செய்த நிறுவனத்தின் எண், மாதிரியின் எண். டிரைவருக்குள் ஒரு பட்டியல் இருக்கும், எந்தெந்த எண்களுக்கு நான் பொறுப்பு என்று. கணினி எழும்பும்போது கார்ட் தன் எண்ணைச் சொல்லும், கரு பட்டியலைப் பார்க்கும், பொருந்தினால் டிரைவர் வேலையைத் தொடங்கும். 8ஆம் பதிப்பில் பழைய ரெய்ட் கார்டுகள் பலவற்றின் எண்களைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். சில டிரைவர்கள் முழுதாகவே போயின. மெகாரெய்ட், எம்பிடி வகைகளில் டிரைவர் இருக்கிறது, கார்ட் இருக்கிறது, கார்டோடு பேசும் வழிகூட டிரைவருக்குத் தெரியும், ஆனால் எண் பட்டியலில் இல்லை. முதல் பதிப்பில் ஓடிய சேர்வரில் புதிய பதிப்பைப் போட்டால், வட்டே இல்லை என்று சொல்லும்.

வாக்காளர் இடாப்பில் பெயர் யாழ்ப்பாணத்திலா புத்தளத்திலா என்று அலைந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. ஆள் இருக்கிறார், வீடு இருக்கிறது, இடாப்பில் பெயர் இல்லை.

அங்கேயும் திறந்த நிரல்தான் கைகொடுத்தது. எல்ரெப்போ என்ற தன்னார்வக் குழு அந்த எண்களைத் திரும்பச் சேர்த்த டிரைவர்களைத் தொகுத்து இலவசமாக வெளியிட்டது. நிறுவலின்போதே கொடுக்கக்கூடிய வட்டுக் கோப்பாகவும் போட்டார்கள். மூலநிரல் மூடியிருந்தால் இது நடந்திராது.

சரி, லினக்ஸில் இதை இன்று எப்படி அமைப்பது என்று பாடசாலை ஆய்வுகூடம் நடத்தும் இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஆறாம் பதிப்பில் கையால் எழுதிய அட்டவணையைத்தான் இன்றும் செய்கிறோம், கணினி பெரும்பாலும் தானாகச் செய்கிறது என்பது மட்டும் வித்தியாசம். எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' என்ற தெரிவோடு கொடுத்தால் கண்ட்ரோலரின் பெயரும், அதை இப்போது எந்த டிரைவர் ஓட்டுகிறது என்பதும் வரும். டிரைவர் வரி இல்லாவிட்டால் அங்கேதான் கோளாறு. தேவையான டிரைவரை மொட்ப்ரோப் கட்டளையால் ஏற்றிப் பார்க்கலாம். ஏறினால் மட்டும் போதாது. கணினி எழும்பும்போது டிரைவர் தேவை, ஆனால் டிரைவர் கோப்பு இருப்பதோ அந்த வட்டுக்குள். திறப்பை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. இதற்காகத்தான் தொடக்க நினைவக வட்டு என்ற சிறிய பொதி இருக்கிறது. பயோஸோ துவக்கியோ வாசிக்கக்கூடிய இடத்தில் டிரைவரையும் சேர்த்து அது காத்திருக்கும். டிரைவரை மாற்றினால் அந்தப் பொதியையும் புதுப்பிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மறுநாள் காலையில் கணினி எழும்பவில்லை என்று வருபவர்கள்தான் கூட.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். புதிய மேசைக் கணினிகள் சிலவற்றில் பயோஸில் வட்டு முறை 'ரெய்ட்' என்று வந்திருக்கும், உள்ளே ஒரே ஒரு வட்டு இருந்தாலும். லினக்ஸ் நிறுவ வெளிக்கிட்டால் வட்டு தெரியாது. அதை 'ஏஎச்சிஐ' என்று மாற்றினால் தெரியும். ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அதோடு எழும்பாமல் போகலாம், ஆகவே முதலில் பாடசாலைக் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். மற்றது, வட்டின் பெயரை நம்பாதீர்கள். 2007 அளவில் லினக்ஸ் ஐடிஈ வட்டுகளுக்கும் புதிய டிரைவர் முறைக்கு மாறியபோது எச்டிஏ என்று இருந்த வட்டு எஸ்டிஏ ஆனது, பழைய பெயரை எழுதி வைத்திருந்த கணினிகள் வட்டைத் தேடித் தவித்தன. ஒவ்வொரு பகுதிக்கும் யூயூஐடி என்ற நீண்ட தனி எண் உண்டு, அதை எழுதி வைத்தால் கண்ட்ரோலர் மாறினாலும் குழப்பமில்லை.

வட்டு திறந்த பிறகும் வேலை முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் கூட்ட அறிக்கைகள், பாடசாலை மலர்கள், கல்யாண அழைப்பிதழ்கள் என்று ஒரு காலத்தில் இலங்கையில் தமிழில் தட்டியதில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். பிள்ளைகள் 'வைரஸ்' என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்க வேண்டாம், அது நம்முடைய தமிழ்தான். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கடைசியாக, பழைய வட்டுகள் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு. விண்டோஸ் கணினியில் செருகியதும் "இந்த வட்டை போர்மட் செய்ய வேண்டும்" என்று கேட்டால், வட்டு வெறுமை என்று அர்த்தமில்லை. தனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படிச் சொல்கிறது. வேண்டாம் என்று அழுத்தி வட்டைக் கழற்றிவிடுங்கள். கடக் கடக் என்று சத்தம் வரும் வட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் முழு வட்டையும் அப்படியே இன்னொன்றுக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் மற்றச் சோதனை எல்லாம். பழைய சேர்வரில் இருந்து எடுத்த வட்டுகள் என்றால் எது முதலாவது, எது இரண்டாவது என்று பேனையால் எழுதுங்கள். வட்டை மட்டும் கழற்றிக்கொண்டு கார்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அந்தக் கார்டையும் வயரையும் சேர்த்து ஒரே பையில் கட்டி வையுங்கள்.